பதவி பெரிதா, மனமாற்றம் பெரிதா?
கன்சல்டிங் நேர்காணலுக்கான தலைமைக் கதை: ஓர் ஆய்வு

கன்சல்டிங் நிறுவனங்களின் நேர்காணலுக்கு இரண்டு பாதிகள் உண்டு. ஒரு பாதியில் 'கேஸ்' வரும். லாபம் குறைந்துவரும் ஒரு சிமென்ட் கம்பெனி, வேறு ஊரில் கிளை திறக்கலாமா என்று யோசிக்கும் ஒரு நகைக்கடை என ஏதாவது ஒரு வணிகச் சிக்கலைக் கொடுத்து, விண்ணப்பதாரர் அதை எப்படிப் பிரித்து ஆராய்கிறார் என்று பார்ப்பார்கள். மறு பாதியில் அவர் வாழ்க்கையிலிருந்து ஓர் அனுபவத்தைச் சொல்லச் சொல்வார்கள். முதல் பாதிக்கு மாணவர்கள் மாதக்கணக்கில் தயாராகிறார்கள். ஹாஸ்டல் அறைகளில் இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் கேஸ் கொடுத்துப் பழகுகிறார்கள். இரண்டாம் பாதிக்கோ, முந்தின இரவு ரெஸ்யூமேயைப் புரட்டி, அதில் பெரிதாகத் தெரியும் பதவி ஒன்றைப் பிடித்துக்கொள்வதோடு தயாரிப்பு முடிந்துவிடுகிறது.

"நீங்கள் தலைமை ஏற்று நடத்திய ஒரு நிகழ்வைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் எந்த நிகழ்வைச் சொல்வது? இந்தக் கேள்வி எங்கே பிறந்தது, இதன் பதிலுக்கு எவ்வளவு மதிப்பு உண்டு, கன்சல்டிங் தொழிலுக்கு எந்த விதமான தலைமை தேவை, எந்தக் கதைகள் தோற்கின்றன, இந்தக் கேள்வி எல்லோருக்கும் நியாயமானதுதானா என்று வரிசையாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதவியின் உயரத்தையோ நிகழ்ச்சியின் பிரம்மாண்டத்தையோ வைத்துக் கதையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. "முடியாது" என்று சொல்ல முழு உரிமை இருந்த ஒருவர், உங்கள் முயற்சியால் மனம் மாறிய நிகழ்வு எதுவோ, அதுவே இந்த நேர்காணலுக்கு உரிய கதை.

போர்க்களத்தில் பிறந்த கேள்வி

'அனுபவத்தைச் சொல்' என்று கேட்கும் முறை வணிக உலகில் பிறந்ததன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவ விமானப்படையில் பணியாற்றிய உளவியலாளர் ஜான் ஃபிளானகன், நல்ல போர்த் தலைவர் எப்படி இருப்பார் என்று அறிய முயன்றார். 'துணிச்சல் உள்ளவர்', 'கட்டுப்பாடு மிக்கவர்' போன்ற பொதுவான பாராட்டுகளால் அவருக்குப் பயன் இருக்கவில்லை. ஆகவே 1944இல் போரில் நேரடி அனுபவம் பெற்ற வீரர்களிடம், தலைவர் ஒருவர் திறம்பட நடந்துகொண்ட அல்லது தவறிய குறிப்பிட்ட சம்பவங்களைச் சொல்லச் சொன்னார். பண்பைக் கேட்காமல் சம்பவத்தைக் கேட்கும் இந்த முறையை அவர் 1954இல் விரிவான கட்டுரையாக வெளியிட்டார். இன்று நேர்காணல் அறையில் கேட்கப்படும் தலைமைக் கேள்வியின் மூதாதை இதுதான்.

அதே போர்க் காலத்தில், 1942இல், பிரிட்டிஷ் ராணுவம் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கப் புதிய தேர்வு வாரியங்களை அமைத்தது. அங்கே மனநல மருத்துவர் வில்ஃப்ரெட் பியான், தலைவர் யாரென்று அறிவிக்காமல் ஒரு குழுவிடம் வேலையைக் கொடுத்து, யார் எப்படி மற்றவர்களை இணைக்கிறார் என்று கவனிக்கும் பயிற்சியை உருவாக்கினார். நம் நாட்டின் எஸ்எஸ்பி எனப்படும் ராணுவத் தேர்வு வாரியம் இன்றும் இந்த மரபில்தான் இயங்குகிறது. ஐந்து நாள் நடக்கும் அந்தத் தேர்வுக்குப் போய்வந்த தமிழ்நாட்டு இளைஞர்கள், மரக்கட்டையும் கயிறும் கொடுத்துத் தடையைத் தாண்டச் சொல்லும் அந்தக் குழுப் பணிகளை நன்கு அறிவார்கள். பட்டை அணியாத தலைமையை அடையாளம் காண்பதே அதன் நோக்கம்.

போருக்குப் பின் இந்தச் சிந்தனை அலுவலகங்களுக்கு வந்தது. 1973இல் ஹார்வர்டு உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட், அறிவுத்திறனை அளப்பதைவிட வேலைக்குத் தேவையான ஆற்றலை அளக்க வேண்டும் என்று வாதிட்டார். 1970இல் தொடங்கிய டிடிஐ என்ற அமெரிக்க நிறுவனம், சூழல், பணி, செயல், விளைவு என்ற நான்கு படிகளைக் கொண்ட 'ஸ்டார்' முறையைப் பரப்பியது. 1982இல் டாம் ஜான்ஸ், கடந்தகால நடத்தையை ஒழுங்காக விசாரிக்கும் நேர்காணல், சாதாரண உரையாடலாக நடக்கும் நேர்காணலைவிடச் சிறந்தது என்று தம் ஆய்வில் காட்டினார். இன்று இந்தியக் கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் வகுப்புகளில் ஸ்டார் முறையைக் கேள்விப்படாத மாணவர் அரிது.

ஆய்வுகள் தரும் எடை

ஒருவர் சொல்லும் பழைய கதையிலிருந்து அவருடைய நாளைய செயல்திறனை ஊகிக்க முடியுமா? 1998இல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடும் கட்டமைந்த நேர்காணலுக்கு, வேலைச் செயல்திறனோடு 0.51 என்ற தொடர்பு எண்ணைத் தந்தார்கள். கட்டமைப்பு இல்லாத நேர்காணலுக்கு 0.38. பால் சாக்கெட்டும் குழுவினரும் 2022இல் இந்தக் கணக்குகளை மறுபரிசீலனை செய்தபோது எண்கள் குறைந்தன: கட்டமைந்த நேர்காணலுக்கு 0.42, கட்டமைப்பு இல்லாததற்கு 0.19. ஆனாலும் அவர்கள் ஒப்பிட்ட தேர்வு முறைகளில் கட்டமைந்த நேர்காணலே முதலிடத்தில் நின்றது.

விண்ணப்பதாரருக்கு இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, இந்தக் கேள்வி வெறும் சம்பிரதாயம் இல்லை. நிறுவனங்கள் இதை நம்புவதற்குக் காரணம் உண்டு. இரண்டாவது, கட்டமைந்த நேர்காணலில் கேட்பவர் முன்னால் ஒரு மதிப்பெண் தாள் இருக்கும். அதில் 'கதை சுவையாக இருந்ததா' என்ற கட்டம் இருக்காது. விண்ணப்பதாரர் என்ன செய்தார், ஏன் செய்தார், மற்றவர்கள் எப்படி எதிர்வினை காட்டினார்கள் என்பதற்கே கட்டங்கள் இருக்கும். அவற்றை நிரப்பச் சான்று தராத கதை எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும், தாள் காலியாகவே இருக்கும்.

நிறுவனங்கள் தோண்டும் ஆழம்

மேலாண்மை ஆலோசனைத் துறையில் மூன்று பெயர்கள் முன்னிற்கின்றன. 1926இல் தொடங்கிய மெக்கின்சி, 1963இல் புரூஸ் ஹெண்டர்சன் தொடங்கிய பாஸ்டன் கன்சல்டிங் குரூப், 1973இல் உருவான பெயின். மூன்றும் இந்தியாவில் இயங்குகின்றன. ஐஐஎம்களிலும் ஐஎஸ்பியிலும் ஐஐடிகளிலும் வளாகத் தேர்வு நடத்துகின்றன.

மூன்றும் அனுபவத்தைக் கேட்கின்றன என்றாலும் கேட்கும் விதம் வேறு. மெக்கின்சியில் இதற்கென்றே 'பெர்சனல் எக்ஸ்பீரியன்ஸ் இன்டர்வியூ' என்ற பகுதி உண்டு. அதில் நேர்காணல் செய்பவர் ஒரே ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்கும் மேலாக அதற்குள்ளேயே நிற்பார். "அவர் அப்படிச் சொன்னபோது நீங்கள் என்ன நினைத்தீர்கள்?", "அடுத்து சரியாக என்ன வார்த்தை சொன்னீர்கள்?", "வேறு வழி எதையாவது யோசித்தீர்களா?", "ஏன் அதை விட்டீர்கள்?" என்று கேள்விகள் இறங்கிக்கொண்டே போகும். மற்ற நிறுவனங்களில் 'ஃபிட்' கேள்விகள் என்ற பெயரில் இவை கொஞ்சம் பரவலாகவும் சுருக்கமாகவும் வருவதே வழக்கம். இடையிடையே கேஸின் முன்னும் பின்னும் கலந்தும் வரும்.

ஆழமாகத் தோண்டும் நேர்காணலுக்குத் தயாரானவர் மற்ற எல்லாவற்றுக்கும் தயாரானவர் ஆகிறார். ஆகவே கதையைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் சோதனையாக இதை வைத்துக்கொள்ளலாம்: இந்த நிகழ்வைப் பற்றி இருபது நிமிடம் இடைவிடாமல் கேள்வி கேட்டால், ஒவ்வொன்றுக்கும் என் நினைவிலிருந்து பதில் எடுக்க முடியுமா? இரண்டாவது நிமிடத்திலேயே "பொதுவாக நாங்கள் மீட்டிங் போட்டுப் பேசுவோம்" என்று பொதுப்படையாகப் பேச வேண்டியிருந்தால், அந்தக் கதை தாங்காது.

கன்சல்டன்டிடம் என்ன அதிகாரம் இருக்கிறது?

எந்தத் தலைமைக் கதை ஏற்றது என்ற கேள்வியின் மையம் இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான வழிகாட்டிகள் இதைத் தொடாமல், கதையை எப்படி அடுக்குவது என்பதற்கு நேரே போய்விடுகின்றன.

1959இல் ஜான் ஃபிரெஞ்ச், பெர்ட்ரம் ரேவன் என்ற இரு உளவியலாளர்கள், ஒருவர் இன்னொருவரைச் செயல்பட வைக்கும் சக்தியை ஐந்தாகப் பிரித்தார்கள். தண்டிக்கும் சக்தி, பரிசளிக்கும் சக்தி, பதவியால் வரும் சக்தி, அறிவால் வரும் சக்தி, மதிப்பாலும் நெருக்கத்தாலும் வரும் சக்தி. இப்போது ஒரு தொழிற்சாலைக்குப் போகும் 24 வயது கன்சல்டன்ட்டை நினைத்துப் பாருங்கள். அங்கே முப்பது வருடம் வேலை பார்த்த உற்பத்தி மேலாளரை அவரால் தண்டிக்க முடியாது. அவருக்குச் சம்பள உயர்வு தர முடியாது. அந்த மேலாளருக்கு இவர் மேலதிகாரியும் அல்லர். ஐந்தில் மூன்று சக்திகள் அவர் கையில் அறவே இல்லை. நான்காவதான அறிவு கொஞ்சம் இருக்கலாம். ஆனால் அங்குள்ள இயந்திரங்களைப் பற்றி மேலாளருக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குகூட அவருக்குத் தெரியாது. மிஞ்சுவது, கவனித்துக் கேட்டு, நேர்மையாக நடந்து, தரவைப் பொறுமையாக எடுத்து வைத்துச் சம்பாதிக்கும் நம்பிக்கை ஒன்றே.

அந்த மேலாளர் தரவு கொடுக்க மறுத்தால் ஆய்வு நின்றுபோகும். பரிந்துரையை ஏற்க மறுத்தால், கன்சல்டிங் நிறுவனத்தின் பார்ட்னர்கள் எவ்வளவு அழகான அறிக்கை கொடுத்தாலும் அது அலமாரியில் தூங்கும். அதிகாரமின்றி ஒருவரை நகர்த்துவது இந்தத் தொழிலின் அன்றாடம். ஹார்வர்டில் கற்பித்த ரொனால்டு ஹைஃபெட்ஸ் 1994இல் வெளியிட்ட தம் நூலில், பதவியில் இருப்பதும் தலைமை ஏற்பதும் வெவ்வேறு என்று வற்புறுத்தினார். நிபுணரின் விடையால் தீரும் சிக்கல் ஒருவகை. சம்பந்தப்பட்டவர்களே தங்கள் பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றிக்கொண்டால்தான் தீரும் சிக்கல் இன்னொரு வகை. தலைமை தேவைப்படுவது இரண்டாவது வகைக்கு. கன்சல்டிங் நிறுவனம் தலைமைக் கதையில் தேடுவதும் அதைத்தான்.

கதைகளின் வகைகள்

விண்ணப்பதாரர்கள் எடுத்துவரும் கதைகளைச் சில வகைகளாகப் பிரிக்கலாம்.

மிக அதிகமாக வருவது பதவிக் கதை. ஐஐடி மெட்ராஸின் சாரங், சாஸ்த்ரா, கிண்டி பொறியியல் கல்லூரியின் குருக்ஷேத்ரா போன்ற விழாக்களை மாணவர்களே நடத்துகிறார்கள். நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள், லட்சக்கணக்கில் ஸ்பான்சர் பணம். விழாவின் பொறுப்பாளராக இருந்தவருக்கு அதைச் சொல்லத் தோன்றுவது இயல்பு. அந்த உழைப்பும் உண்மையானது. ஆனால் கதையைக் கேட்டால் பெரும்பாலும் வேலைப் பட்டியலாக இருக்கும்: ஐந்து குழு பிரித்தோம், வாராவாரம் மீட்டிங் வைத்தோம், பணம் திரட்டினோம், விழா நன்றாக நடந்தது. இதில் ஒரு மனிதரின் முகம்கூடத் தெரிவதில்லை. விழா அனுபவத்தை விட்டுவிட வேண்டியதில்லை. அதற்குள் ஒருவரோடு நடந்த ஒரு போராட்டத்தை எடுக்க வேண்டும். ஒலி அமைப்பாளர் கடைசி நேரத்தில் விலகப் பார்த்தது, கல்லூரி நிர்வாகம் இரவு நிகழ்ச்சிக்கு அனுமதி மறுத்தது, இரண்டு குழுத் தலைவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் போனது ஆகியவற்றில் ஒன்று போதும்.

இரண்டாவது, தனியாளாகத் தாங்கிய கதை. "குழுவில் இருவர் வேலையே செய்யவில்லை. கடைசியில் நானே இரவெல்லாம் விழித்து முடித்தேன்." சொல்பவருக்கு இது தியாகமாகத் தெரிகிறது. கேட்பவருக்கோ, சக மனிதர்களை வேலைக்குள் கொண்டுவர முடியாமல் போன கதையாகத் தெரியும். விடாமுயற்சி பற்றிக் கேட்டால் இதைச் சொல்லலாம். தலைமைக்கு இது எதிர்ச் சான்று.

மூன்றாவது, நெருக்கடிக் கதை. சர்வர் விழுந்தது, வெள்ளம் வந்தது, பஸ் வரவில்லை; நான் உடனே முடிவெடுத்தேன். வேகமும் நிதானமும் இதில் தெரியும். ஆனால் நெருக்கடியில் எல்லோரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். இணங்க மறுப்பவர் அதில் அரிது. ஆகவே மனிதர்களைக் கையாளும் திறனுக்கு இது மெலிந்த சான்றே தரும்.

நான்காவது, துயரக் கதை. குடும்பத்தில் நேர்ந்த இழப்பு, நோய், கடன். கேட்பவர் மனம் இளகும். ஆனால் அதற்குள் அவரால் கேள்வி கேட்டுப் போக முடியாது. சொல்பவருக்கும் அந்த அறையில் அது வலி. துயரத்தின் நடுவே நீங்கள் யாரையாவது இணங்க வைத்துச் செய்த காரியம் இருந்தால், காரியத்தை முன்னே வைத்து, துயரத்தை ஒரு வரியில் பின்னணியாக நிறுத்துவது நல்லது.

ஐந்தாவது, மனமாற்றக் கதை. எதிர்ப்பு இருந்தது, எதிர்ப்புக்குக் காரணம் இருந்தது, அந்தக் காரணத்தைச் சொல்பவர் கண்டுபிடித்தார், அதற்கேற்ப அவரும் தம் திட்டத்தை மாற்றிக்கொண்டார், எதிர்த்தவர் உடன்பட்டார். அளவில் இது சிறிதாக இருக்கலாம். மூன்று பேர் மட்டுமே சம்பந்தப்பட்டிருக்கலாம். ஆனால் கன்சல்டன்ட் நாளை செய்யப்போகும் வேலையின் உருவம் இதில்தான் முழுமையாக இருக்கிறது.

ஒருவரிடமே இருக்கும் இரண்டு கதைகள்

ஒரு கற்பனை விண்ணப்பதாரரை எடுத்துக்கொள்வோம். பொறியியல் படித்து, சென்னையில் ஒரு நிதி நிறுவனத்தில் இரண்டு ஆண்டு வேலை பார்த்து, எம்பிஏ சேர்ந்தவர். அவரிடம் இரண்டு கதைகள் உள்ளன. முதலாவது, கல்லூரியில் துறை சிம்போசியத்தின் செயலாளராக இருந்தது. எண்ணூறு பேர் வந்தார்கள், செலவு போக மீதி நின்றது, துறைத் தலைவர் பாராட்டினார். இரண்டாவது, வேலையில் நடந்த ஒரு சிறு விஷயம். கிளைகளிலிருந்து வரும் வசூல் கணக்கை மூத்த ஊழியர் ஒருவர் ஒவ்வொரு மாதமும் கையால் எக்செல்லில் ஏற்றி, மூன்று நாள் எடுத்து அறிக்கை தயாரித்துவந்தார். நம் விண்ணப்பதாரர் அதைத் தானாக இயங்கும்படி செய்து காட்டினார். மூத்தவர் ஏற்கவில்லை. "என் முறையில் இதுவரை தப்பு வந்ததில்லை, தம்பி" என்று முடித்துவிட்டார்.

பெரும்பாலோர் முதல் கதையையே எடுப்பார்கள். அதில் எண்கள் பெரியவை. இரண்டாவதில் அறிக்கை ஒன்று வேகமாக வந்தது, அவ்வளவுதான்.

ஆனால் இரண்டாவதைத் தொடர்ந்து கேளுங்கள். மேனேஜரிடம் போய் உத்தரவு வாங்கும் வழி அவருக்கு இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. அந்த மாத இறுதியில் மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வேலையை முழுக்கப் பார்த்தார். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. சில கிளைகள் கணக்கைத் தாமதமாகத் திருத்தி அனுப்பும் வழக்கம் உண்டு. மூத்தவர் தம் அனுபவத்தால் அதை மோப்பம் பிடித்து, போன் செய்து சரிபார்த்துவந்தார். எண் தவறினால் பழி தம் தலையில் விழும் என்ற பயம் அவருக்கு. புதிய முறையில் அந்தச் சரிபார்ப்புக்கு இடமே இல்லை. ஆகவே விண்ணப்பதாரர் தம் வேலையைத் திருத்தினார். சந்தேகத்துக்குரிய கிளைகளைத் தனியே காட்டும் ஒரு பட்டியலைச் சேர்த்தார். எவை சந்தேகத்துக்குரியவை என்ற விதிகளை மூத்தவரே சொன்னார். இரண்டு மாதம் பழையதும் புதியதும் அருகருகே ஓடின. மூன்றாம் மாதம், பழைய முறையை நிறுத்திவிடலாம் என்று மேனேஜரிடம் சொன்னவர் மூத்தவர்தான்.

மெக்கின்சிக்காரர் எத்தனை கேள்வி கேட்டாலும் இந்தக் கதையில் பதில் இருக்கிறது. ஏன் மேனேஜரிடம் போகவில்லை? பக்கத்தில் உட்கார அவரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? உங்கள் முதல் திட்டத்தில் குறை இருந்ததை அறிந்தபோது என்ன நினைத்தீர்கள்? ஒவ்வொன்றும் அவருடைய குணத்தையும் சிந்தனையையும் திறந்து காட்டும். முதல் கதையின் எண்ணூறு பேரும் சேர்ந்து தராத சான்றை, இரண்டாம் கதையின் ஒரு மனிதர் தந்துவிடுகிறார்.

தேர்ந்தெடுக்கும் அளவுகோல்கள்

இதுவரை பார்த்தவற்றிலிருந்து சில அளவுகோல்களைத் தொகுக்கலாம்.

மறுக்க உரிமையுள்ள ஒருவர் கதையில் இருக்க வேண்டும். நீங்கள் சொன்னதும் எல்லோரும் செய்துவிட்டால் அங்கே தலைமைக்கு வேலை இல்லை.

உங்கள் சொந்த முடிவு ஒன்றாவது தெளிவாகத் தெரிய வேண்டும். இரண்டு வழி இருந்து, ஒன்றை விட்டு ஒன்றை ஏன் எடுத்தீர்கள் என்று சொல்ல முடிய வேண்டும். 'நாங்கள் செய்தோம்' என்றே பேசும் வளர்ப்பு நமக்கு உண்டு. அது நல்ல வளர்ப்பு. ஆனால் மதிப்பிடுபவருக்கு உங்கள் பங்கு தனியே தெரிந்தாக வேண்டும். குழுவின் சாதனையைக் குழுவுக்கே கொடுத்துவிட்டு, "அதில் நான் செய்தது இது" என்று பிரித்துச் சொல்வதில் தற்பெருமை ஏதும் இல்லை.

நீங்களும் மாறியிருக்க வேண்டும். எதிர்த்தவர் மட்டும் தவறு, நான் மட்டும் சரி என்று போகும் கதையில் கேட்டறியும் பண்பு தெரியாது.

விளைவு சரிபார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும். நீங்கள் விலகிய பிறகும் அது நிலைத்திருந்தால் இன்னும் வலு. முழு வெற்றியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

நிகழ்வு அண்மையதாக இருக்க வேண்டும். கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் நடந்திருந்தால் விவரங்கள் நினைவில் பசுமையாக இருக்கும். பள்ளிக்கூடக் காலக் கதை, இன்றைய மனிதரைக் காட்டாது.

ரகசியம் காக்கப்பட வேண்டும். முந்தைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் பெயரையும் உள்கணக்கையும் நேர்காணலில் கொட்டுபவர், நாளை தங்கள் கிளையன்ட்டின் ரகசியத்தையும் கொட்டுவார் என்றே கன்சல்டிங் நிறுவனம் நினைக்கும். 'ஒரு பெரிய நிதி நிறுவனம்' என்பது போதும்.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமாகப் படும் அளவுகோல்: உங்களை எதிர்த்த அந்த மனிதர் அதே அறையில் உட்கார்ந்திருந்தாலும் இந்தக் கதையை இப்படியே சொல்வீர்களா? சொல்ல முடியும் என்றால் அதில் உண்மையும் மரியாதையும் இருக்கிறது. கூச்சமாக இருந்தால் எங்கோ மிகை இருக்கிறது, அல்லது அவரைச் சிறுமைப்படுத்தியிருக்கிறீர்கள்.

உண்மையும் மிகையும்

மிகை என்பது சிறு பிரச்சினை அன்று. ஜூலியா லெவஷினா, மைக்கேல் கேம்பியன் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், வேலை தேடிய கல்லூரி மாணவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானோர் நேர்காணலில் ஏதோ ஒரு வகையில் மெருகேற்றிப் பேசியதாக ஒப்புக்கொண்டார்கள். அப்பட்டமான பொய்க்கு நெருங்கியவர்களின் பங்கு அதைவிடக் குறைவு.

எல்லா மிகையும் வேண்டுமென்றே வருவதில்லை. 1979இல் மைக்கேல் ராஸ், ஃபியோர் சிக்கோலி இருவரும் கணவன் மனைவியரிடம், வீட்டு வேலையில் தங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் நூறு சதவீதத்தைத் தாண்டியது. நாம் செய்தது நம் நினைவில் எளிதாக எழுகிறது. பிறர் செய்தது எழுவதில்லை. குழு வேலையிலும் இதுவே நடக்கும். ஆகவே கதையை முடிவு செய்யும் முன், அந்தக் குழுவில் இருந்த ஒருவரை அழைத்து "அன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டுவிடுவது நல்லது. நீங்கள் மறந்த அவருடைய பங்கும் கிடைக்கும். உங்கள் பங்கில் நீங்களே மறந்துவிட்ட விவரமும் கிடைக்கும்.

கடன் வாங்கிய கதையை யாரும் எடுத்துப்போக வேண்டாம். இது அறத்தின் பாற்பட்டது; நடைமுறைக்கும் பொருந்தும். நடந்த நிகழ்வுக்கு அடியில் எவ்வளவு தோண்டினாலும் விவரம் இருக்கும். இட்டுக்கட்டியதற்கு அடியில் ஒன்றும் இருக்காது. ஐந்தாவது, ஆறாவது கேள்வியில் அது வெளியே வந்துவிடும்.

யாருக்கு எளிது, யாருக்குக் கடினம்?

இந்தக் கேள்வி எல்லோருக்கும் சமமாக விழுவதில்லை என்பதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. சமூகவியலாளர் லாரன் ரிவெரா, அமெரிக்காவின் உயர்மட்டச் சட்ட, முதலீட்டு வங்கி, கன்சல்டிங் நிறுவனங்களில் ஆள் தேர்வு செய்யும் 120 பேரைப் பேட்டி கண்டார். 2012இல் கட்டுரையாகவும், 2015இல் 'பெடிக்ரீ' என்ற நூலாகவும் அதை வெளியிட்டார். தேர்வாளர்கள் தங்களைப் போன்ற பின்னணியும் பொழுதுபோக்கும் உள்ளவர்களை நோக்கிச் சாய்ந்தார்கள் என்பது அவருடைய முக்கியக் கண்டுபிடிப்பு. பணமும் நேரமும் செலவழித்து வளர்த்த வகுப்பறைக்கு வெளியேயான சாதனைகள் அங்கே அதிக மதிப்புப் பெற்றன. வசதி இல்லாதவர்களின் ரெஸ்யூமேயில் அவை குறைவாக இருந்தன.

பெண்களுக்கு இன்னொரு தடை உண்டு. ஆலிஸ் ஈக்லி, ஸ்டீவன் கராவ் இருவரும் 2002இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, தலைவரிடம் எதிர்பார்க்கப்படும் உறுதியைப் பெண் காட்டினால், பெண்ணிடம் எதிர்பார்க்கப்படும் மென்மை அவரிடம் இல்லை என்று குறையாக மதிப்பிடும் போக்கு இருக்கிறது. ஆணிடம் துணிவு எனப்படுவது பெண்ணிடம் பிடிவாதம் எனப்படும்.

நம் ஊரில் முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவருக்கு இந்தப் பிரச்சினை எப்படி வருகிறது என்று பாருங்கள். விடுமுறையில் அவர் தேசிய அளவிலான கிளப்பை நடத்தியிருக்க மாட்டார். அப்பாவின் மளிகைக் கடையில் நின்றிருப்பார்; தெருப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்திருப்பார்; தங்கையைக் கல்லூரிக்கு அனுப்ப உறவினர்களோடு வாதாடியிருப்பார். "இதையெல்லாமா சொல்வது?" என்று ஒதுக்கிவிட்டு, தாம் பெயருக்கு உறுப்பினராக இருந்த ஒரு சங்கத்தின் கதையைச் சொல்வார். அது நீர்த்துப்போன கதை. ஒதுக்கிவிட்டதுதான் சத்துள்ளது. கடனுக்குச் சரக்கு கொடுக்கும் நோட்டை நிறுத்த அப்பாவை இணங்க வைத்து, வாடிக்கையாளர் கோபித்துக்கொள்ளாதபடி படிப்படியாக அதைச் செய்தவர், அதிகாரமில்லாத தலைமையின் முழுப் பாடத்தையும் கற்றிருக்கிறார். அப்பாவைவிட மறுக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது?

தமிழில் நடந்த நிகழ்வை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருப்பதும் பலருக்குத் தயக்கம் தருகிறது. முதலில் நடந்ததைத் தமிழிலேயே, அன்று பேசிய சொற்களோடு எழுதிப் பார்க்க வேண்டும். விவரங்கள் எல்லாம் அந்த மொழியில்தான் நினைவில் இருக்கின்றன. அவை வந்து அமர்ந்த பின், எளிய ஆங்கிலத்தில் சொல்லிப் பழகலாம். அலங்கார ஆங்கிலத்தில் நேரடியாகத் தொடங்குபவர்களுக்கு விவரங்கள் நழுவிவிடுகின்றன.

சொல்லும் முறை

கதை சரியாக அமைந்துவிட்டால் சொல்லும் முறைக்கு அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. 1963இல் மெக்கின்சியில் சேர்ந்த பார்பரா மின்டோ, முடிவை முதலில் சொல்லிக் காரணங்களைப் பின்னால் அடுக்கும் 'பிரமிட் பிரின்சிபிள்' முறையை வகுத்தார். கன்சல்டிங் உலகம் இன்றும் அப்படித்தான் எழுதுகிறது, பேசுகிறது. எனவே ஸ்டார் முறையின் நான்கு படிகளுக்கு முன்னால் ஒரே வாக்கியத்தில் சாரத்தைச் சொல்லிவிடுவது நல்லது: "பழைய முறையை விட மறுத்த மூத்த ஊழியர் ஒருவரே புதிய முறையை முன்மொழியும் நிலைக்கு வந்த கதை இது." பிறகு சூழலைச் சுருக்கமாக முடித்து, நேரத்தின் பெரும் பகுதியைச் செயலுக்கும் அதன் பின்னிருந்த யோசனைக்கும் கொடுக்க வேண்டும். மனப்பாடம் வேண்டாம். கேள்வி வந்து இடைமறிக்கும்போது மனப்பாடம் அறுந்துபோகும், நினைவு அறுந்துபோகாது. ஒரே கதையை எல்லா நேர்காணலுக்கும் நம்பியிராமல், வெவ்வேறு குணங்களைக் காட்டும் இரண்டு மூன்று நிகழ்வுகளைத் தயாராக வைத்திருப்பதும் அவசியம். ஒரே நிறுவனத்தில் அடுத்தடுத்த சுற்றுகள் நடக்கும். அங்கே பழைய கதையையே திரும்பச் சொல்வது சரிப்படாது.

முடிவு

ஃபிளானகன் போர் வீரர்களிடம் சம்பவங்களைக் கேட்டதும், பியான் பட்டையில்லாத குழுவைக் கவனித்ததும், தலைமை பதவியில் இல்லை, நடத்தையில் இருக்கிறது என்ற ஒரே நம்பிக்கையால்தான். எண்பது ஆண்டுகள் கழித்து, அந்தக் கேள்விக்குப் பதவிப் பட்டியலைப் பதிலாகக் கொடுப்பது கேள்வியின் நோக்கத்தையே தவறவிடுவதாகும். தேர்வு செய்யும் நிறுவனங்களுக்கும் இதில் கடமை உண்டு. விழாவின் அளவையும் கல்லூரியின் பெயரையும் தாண்டி, மளிகைக் கடையிலும் ட்யூஷன் திண்ணையிலும் நடந்த தலைமையை அடையாளம் காணத் தங்கள் நேர்காணலாளர்களைப் பழக்க வேண்டும்.

விண்ணப்பிக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரெஸ்யூமேயை மூடி வைத்துவிட்டு ஒரு தாளை எடுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் உங்களிடம் "முடியாது" என்று சொன்னவர்களின் பெயர்களை எழுதுங்கள். அவர்களில் யார் பின்னால் மனம் மாறினார், ஏன் மாறினார், அதற்காக நீங்கள் எதை மாற்றிக்கொண்டீர்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். நீங்கள் சொல்ல வேண்டிய கதை அந்தத் தாளில் இருக்கிறது.